ஒழியும் அன்றியும்: நிபந்தனைத் தொடரின் வரலாறும் சட்டக்கல்வி நுழைவுத் தேர்வும்

‘பதிவு பெற்றிருந்தால் மட்டுமே ஒரு சங்கம் வழக்குத் தொடுக்கலாம்’ என ஒரு விதி இருப்பதாகக் கொள்க. இதனைப் படித்த ஒருவர், ‘இச்சங்கம் பதிவு பெற்றது, ஆகவே இது வழக்குத் தொடுக்கலாம்’ என முடிவு செய்வாராயின் அம்முடிவு தவறு. ‘இச்சங்கம் வழக்குத் தொடுக்கத் தக்கது, ஆகவே இது பதிவு பெற்றது’ என்பாராயின் அது சரி. பதிவு என்பது வழக்குத் தொடுத்தற்குத் தேவையான நிபந்தனையே அன்றிப் போதுமான நிபந்தனை அன்று. கணிதப் பாடநூல்களால் தமிழ் மாணவர்க்கு அறிமுகமான ‘தேவையான’, ‘போதுமான’ என்னும் இவ்விரு சொற்களின் வேறுபாட்டைச் சட்டக்கல்வி நுழைவுத் தேர்வுகள் விடாது சோதிக்கின்றன. வேறுபாடு எளிதாகத் தோன்றினும், தேர்வறையில் மாணவர் பெரிதும் இடறும் இடங்களுள் இஃது ஒன்று.

இவ்விடறலுக்கு மாணவரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் எனக் கொள்வது பொருந்தாது. நிபந்தனையைச் சொல்லும் முறையில் மொழிக்கு மொழி உள்ள வேற்றுமையும், அம்முறை மொழிபெயர்ப்பில் அடையும் மாற்றமும் இதற்குக் காரணமாகின்றன. தமிழ் இந்த வேறுபாட்டை எவ்வெவ்வாறு சொல்லி வந்துள்ளது என்பதை இலக்கணம், கல்வெட்டு, அளவை நூல், சட்ட மொழிபெயர்ப்பு ஆகிய நான்கு துறைகளிலும் தொடர்ந்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்வும் அதன் மொழியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சட்டக்கல்விக்கெனத் தனி நுழைவுத் தேர்வு 1948இல் முதன்முதலாக நடைபெற்றது. விதிகள் சிலவற்றைக் கொடுத்து, ஆட்களையும் பொருள்களையும் அவ்விதிகளுக்கு இயைய வரிசைப்படுத்தச் செய்யும் பகுதி ஒன்று அதில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. 2024 ஆகஸ்டு முதல் அப்பகுதி நீக்கப்பட்டது. எனினும் எஞ்சிய தருக்கப் பகுதியில் நிபந்தனைத் தொடர்கள் குறையவில்லை. அத்தேர்வின் இந்திய வடிவம் 2009 முதல் 2024 வரை நடந்து நின்றுபோயிற்று. இந்தியத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு 2008இல் தொடங்கியது. 2020 முதல் நீண்ட உரைப்பகுதிகளைப் படித்து விடையிறுக்கும் முறை அதில் கொள்ளப்பட்டது. இப்போது 120 வினாக்களுக்கு 120 நிமிடங்கள் அளிக்கப்படுகின்றன. சட்டக் காரணவியல், தருக்கக் காரணவியல் என்னும் இரு பகுதிகளிலும் விதியைப் படித்து அதன் திசையை அறிதலே பெரும்பணி.

இத்தேர்வு தொடக்கம் முதல் ஆங்கிலத்திலேயே நடந்து வருகிறது. இதனைப் பிற இந்திய மொழிகளிலும் நடத்த வேண்டும் என 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்று தொடுக்கப்பட்டது. இந்திய வழக்கறிஞர் மன்றம் அக்கோரிக்கையை ஆதரித்தது. ஆனால் சட்டப் படிப்பை முடித்தவர்க்கு அம்மன்றம் 2011இல் தொடங்கிய தகுதித் தேர்வோ தொடக்கத்திலேயே தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளில் அமைந்தது. வெளியேறும் வாயிலில் தமிழ் உண்டு, நுழையும் வாயிலில் இல்லை என்பது விந்தையானதொரு நிலையே.

ஆந்திர மாநிலத்தின் எல்லைப்புறத் தமிழ் மாணவர்க்கு இந்நிலை மேலும் சிக்கலாகின்றது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட வெதுருகுப்பம் போன்ற வட்டாரங்கள் தெலுங்கும் தமிழும் அடுத்தடுத்து வழங்கும் நிலப்பகுதியைச் சார்ந்தவை. வெதுருகுப்பம் என்னும் பெயரே இவ்வுறவைக் காட்டும். ‘வெதுரு’ என்னும் தெலுங்குச் சொல் மூங்கிலைக் குறிக்கும். சங்கச் செய்யுட்களில் மூங்கிலைக் குறிக்கும் ‘வெதிர்’ அதன் இனச்சொல்லாகும். ‘குப்பம்’ இரு மொழிக்கும் பொது. பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து சித்தூர் மாவட்டம் 1911இல் தனியே பிரிக்கப்பட்டது; 1953இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று; 1960இல் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்திற்கு மீண்டது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும் மக்களின் பேச்சு எல்லைக்கோட்டைப் பின்பற்றவில்லை. ஆந்திர மாநிலச் சட்டக் கல்லூரிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் அமைகின்றது. வீட்டில் தமிழ் பேசும் மாணவர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ நிபந்தனையைக் கற்க வேண்டியவராகிறார்.

முன்னைய தலைமுறையினர்க்கு இத்தகைய வாயில் இல்லை. திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891இல் பிறந்த மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் சென்னையில் சட்டம் பயின்று, சித்தூரில் நெடுங்காலம் வழக்காடி, 1956 முதல் 1962 வரை மக்களவைத் தலைவராக விளங்கினார். அவர் காலத்திற்குரிய சென்னைப் பல்கலைக்கழகக் கல்வியில் தருக்கம் விருப்பப் பாடங்களுள் ஒன்றாக இருந்தது. அதனைப் பயின்றவரும் ஆங்கில வழியிலேயே பயின்றனர்.

இலக்கணிகள் வைத்த இடம்

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதனையும் எண்ணினார். வரின், உண்ணின், பெய்யின் என்பன அவ்வாய்பாட்டின. வினையடியோடு ‘இன்’ சேர்ந்த இவ்வடிவமே பழந்தமிழ்ச் செய்யுளில் பெருவழக்கினது. இறந்தகால அடியோடு ‘ஆல்’ சேர்ந்த ‘செய்தால்’ என்னும் வடிவம் பின்னர்ப் பெருகி, இன்று ஏனையவற்றைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. முற்றுவினையோடு சேரும் ‘ஏல்’ என்பதும், ‘எனின்’, ‘எனில்’ என்பனவும் உடன் வழங்கின. இவற்றோடு ‘உம்’ சேர, செயினும், செய்தாலும் என அவ்வெச்சம் நேர்எதிர்ப் பயன் தரும். நிபந்தனை நிறைவேறினும் விளைவு மாறாது என்பதே ‘உம்’ சேர்ந்த வடிவின் பொருள்.

நன்னூலார் ‘செயின்’ என்பதனை எதிர்கால எச்சங்களோடு சேர்த்தார். இலக்கணிகளின் கண் காலத்தின் மேல் நின்றது. இரு செய்திகளுக்கிடையே உள்ள ஏரணத் தொடர்பின் மேல் நிற்கவில்லை. மழை பெய்யின் குளம் நிறையும் என்னும் தொடரில் ‘பெய்யின்’ எதிர்காலம் காட்டிற்று என்றதோடு இலக்கணம் அமையும். மழை பெய்யாமலும் குளம் நிறையலாமோ என்பது அவர்கள் எழுப்பிய வினா அன்று. இதனைக் குறையாகக் கூறுதல் ஆகாது. அவ்வினாவிற்கு வேறு துறை இருந்தது.

எனினும் மொழியின் அமைப்பிலேயே ஒரு குறிப்பு உண்டு. தேவையான நிபந்தனையைக் குறிக்கத் தமிழில் நிலைத்த சொல் ‘இன்றியமையாத’ என்பதாகும். இதனைப் பிரித்து நோக்கினால், ‘அஃது இன்றி இஃது அமையாது’ என்னும் முழுத் தொடர் சொல்லாக உறைந்திருப்பது புலப்படும். இரு எதிர்மறைகள் சேர்ந்து தேவையை உணர்த்துகின்றன. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் மழையின் சிறப்பைச் சொல்லும்போது, மழை பெய்தால் வரும் நன்மைகளை விட, அது பெய்யாதொழியின் நடவாதவற்றையே மிகுதியாக அடுக்குகின்றது. அதன் இறுதிக் குறள் நீரின்றி உலகம் அமையாமையை முன்வைத்து, வானின்றி ஒழுக்கு அமையாமையை முடிபாகக் கொள்கின்றது. மழை ஒன்றே போதும் என்று வள்ளுவர் எங்கும் கூறவில்லை; மழை இல்லையேல் இவை இல்லை என்றே கூறுகின்றார். தேவையை எதிர்மறையாற் சொல்லும் இம்மரபு நினைவில் நிறுத்தத்தக்கது.

உத்தரமேரூர் விதி

தொண்டை மண்டலக் கல்வெட்டுக்களுள் நிபந்தனையை ஆய்வார்க்கு மிகப் பயன்படுவது உத்தரமேரூர்க் கல்வெட்டாகும். முதற் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு ஆவணங்கள் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. பிற்பட்ட ஆவணத்தின்படி, ஒருவர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராக இருத்தல் வேண்டும். தம் மனையில் கட்டிய வீட்டில் வாழ்பவராக இருத்தல் வேண்டும். அகவை 35க்கு மேல் 70க்குள் அமைதல் வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவ்விதியைத் தேர்வு வினாவாக அமைத்தால் அதன் நுட்பம் விளங்கும். இத்தகுதிகள் யாவும் உடையவர் வாரிய உறுப்பினர் ஆவாரோ? ஆகார். அவர் பெயர் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும், அவ்வளவே. குடத்திலிருந்து அவ்வோலை எடுக்கப்பட வேண்டும். தகுதிகள் தேவையானவை, போதுமானவை அல்ல. அன்றியும், கால் வேலி நிலம் தேவையே என்று உறுதியாகக் கொண்டவர்க்கு அடுத்த பகுதி தடையாகும். அரைக்கால் வேலி நிலமே உடையவராயினும், ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் கற்று உணர்த்த வல்லாராயின் அவர் பெயரும் குடத்தில் இடத்தக்கது என விதி தொடர்கின்றது. ஒரு விதிவிலக்கு வந்தவுடன் முன்னர்த் தேவை எனத் தோன்றியது தேவையன்றாகி, இரு வழிகளுள் ஒன்றாகி விடுகின்றது. இன்றைய சட்ட வரைவாளர் ‘வரம்புரை’ என வழங்கும் பகுதியின் பணி இதுவே.

கல்வெட்டுத் தமிழ் நிபந்தனையைச் சொல்லும் வடிவமும் நோக்கத்தக்கது. ‘ஒருவன் செய்தால்’ என்பதைவிட, ‘செய்தான்’, ‘செய்வார்’, ‘உடையார்’ என வினையாலணையும் பெயரால் ஆளைச் சுட்டி, அவருக்குரிய பயனைக் கூறுதல் பெருவழக்கு. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுக்களுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவத்தானத்தார் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டுள்ளனர். அறக்கொடைக்குத் தீங்கு செய்வாரைப் பழிக்கும் வாசகங்கள் பொதுவாகக் கல்வெட்டுக்களில் இவ்வடிவிலேயே அமையும். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்றங்களை ‘எவரேனும் இன்னது செய்தால்’ என்னும் பொருள்பட ஆளை முன்னிறுத்தியே வரையறுத்தது. ‘யார் செய்தாரோ அவர்’ என்னும் தொடரும் ‘ஒருவர் செய்தால் அவர்’ என்னும் தொடரும் ஏரணத்தில் ஒன்றே. மொழிபெயர்ப்பாளர் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைத் துணிந்து பயன்படுத்தலாம், பொருள் கெடாது.

கழுதையும் நரிவாலும்

இலக்கணிகள் எழுப்பாத வினாவைத் தமிழில் விரிவாக எழுப்பிய நூல் மணிமேகலை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் 29ஆம் காதை, பௌத்த அளவையியலைத் தமிழ்ச் செய்யுளில் வடித்துத் தருகின்றது. இக்காதை திக்நாகர் வழிப்பட்ட நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு நெருங்கிய ஒப்புமை உடையது என்பதை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். உ.வே. சாமிநாதையர் 1898இல் இக்காப்பியத்தைப் பதிப்பித்த காலத்தில், பௌத்தக் கலைச்சொற்களே தமிழறிஞர்க்குப் பெருந்தடையாக நின்றன. ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை எழுதிய பின் எஞ்சிய இறுதி நான்கு காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரை வரைந்தார். 1940களின் தொடக்கத்தில் திருப்பதித் திருவேங்கடவன் கீழ்த்திசைக் கல்லூரியில் சிறிது காலம் ஆராய்ச்சிப் பணியில் இருந்தவர் அவர் என்பது இவ்வட்டாரத் தொடர்பு கருதி ஈண்டுக் குறிக்கத்தக்கது.

புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் அனுமானம். புகை உள்ள இடத்து நெருப்பு உண்டு என்னும் உடன்பாட்டுத் தொடர்பு அன்னுவயம் எனப்படும். நெருப்பு இல்லாத இடத்துப் புகையும் இல்லை என்னும் எதிர்மறைத் தொடர்பு வெதிரேகம் எனப்படும். இரண்டும் ஒரே செய்தியின் இரு முகங்கள். இக்காலத் தேர்வுப் பயிற்சியாளர், நிபந்தனையின் இரு கூறுகளையும் இடமாற்றி இரண்டையும் எதிர்மறையாக்குக என மாணவர்க்குக் கற்பிக்கும் விதி, வெதிரேகம் அன்றி வேறன்று.

அடிகள் இதனோடு நில்லாமல், வெறும் உடனிருத்தலால் தொடர்பு நிலைபெறாது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுக்கள் தருகின்றார். கழுதையையும் கணிகையையும் ஓரிடத்தில் ஒருங்கு கண்ட ஒருவன், பின்னொரு நாள் கழுதையைக் கண்ட இடத்தில் கணிகையும் இருப்பதாகக் கொள்ளுதல் பொருந்தாது. கழுதையின் பிடரியில் நாய்வாலும் இல்லை, நரிவாலும் இல்லை என இரண்டன் இன்மையை ஒருங்கு கண்ட ஒருவன், வேறோரிடத்து நரிவாலைக் கண்டு நாய்வாலும் உண்டெனக் கொள்ளுதலும் பொருந்தாது. முன்னது உடன்பாட்டில் நேரும் பிழை; பின்னது எதிர்மறையில் நேரும் பிழை. வறண்ட பொருளினிடையே இவ்வளவு குறும்பான எடுத்துக்காட்டுக்களை அமைத்த காப்பியப் புலவரின் ஆசிரியத் திறம் பாராட்டுக்குரியது. இக்காலப் பயிற்சி நூல்களில் வரும் அட்டைகளும் பேருந்துகளும் இவ்வளவு எளிதாக நினைவில் நில்லா.

இன்னும் நுட்பமானது திட்டாந்தப் போலியின் வகைமை. எடுத்துக்காட்டில் நேரும் பிழைகளைப் பத்தாகப் பகுக்கும் அப்பகுதியில் விபரீதான்னுவயம், விபரீத வெதிரேகம் என்னும் இரண்டு இடம்பெறுகின்றன. ‘ஒலி நிலையற்றது, செய்யப்பட்டமையால்’ என்பதனை நிறுவ வருபவர், ‘செய்யப்பட்டவை யாவும் நிலையற்றவை’ எனக் காட்டுதல் வேண்டும். அவ்வாறன்றி ‘நிலையற்றவை யாவும் செய்யப்பட்டவை’ எனத் தலைமாற்றிக் கூறினால் அது விபரீதான்னுவயம். வியாப்பியத்தால் வியாபகத்தைக் கருதாமல், வியாபகத்தால் வியாப்பியத்தைக் கருதியதே பிழை என நூல் விளக்குகின்றது. வியாப்பியம் குறுகிய பரப்பினது, வியாபகம் அதனைச் சூழ்ந்த விரிந்த பரப்பினது. குறுகியது இருந்தால் விரிந்தது உண்டு. விரிந்தது இருந்தால் குறுகியது இருந்தே தீரும் என்பதில்லை. எதிர்மறைத் தொடரை இவ்வாறே தலைமாற்றுதல் விபரீத வெதிரேகம். வடிவியல் கற்ற மாணவர் ‘மறுதலை’ என அறிவது முன்னையதன் இக்காலப் பெயர்.

ஓர் எச்சரிக்கை தேவை. மணிமேகலை கூறும் போலி வாதத்தில் எடுத்துக்காட்டைத் தவறாக மொழிதலாகும். தேர்வு சோதிப்பதோ தவறாக முடிவு கொள்ளுதலை. இரண்டும் முற்றும் ஒன்றல்ல. ஆயினும், தலைமாற்றம் பிழை என்பதனையும் அதற்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதனையும் தமிழ் நூலொன்று அத்துணைப் பழங்காலத்தே கண்டது என்பதில் ஐயமில்லை. அச்சொற்கள் வடமொழியின. சமயப் பகைமையால் அந்நூல் நெடுங்காலம் பயில்வாரின்றிக் கிடந்தமையும், சொற்களின் கடுமையும் சேர்ந்து, இவ்வளவை அறிவு பொதுக்கல்வியிற் கலக்கவில்லை.

ஈரவிறகு

அளவை மரபு முற்றும் அறுந்துபோகவில்லை. ஆந்திர நாட்டினர் எனக் கூறப்படும் அன்னம்பட்டர் 17ஆம் நூற்றாண்டில் தருக்க சங்கிரகத்தையும் அதற்குத் தாமே உரையையும் வடமொழியில் இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தமிழாக்கினார் என்பது மரபு. ஆறுமுக நாவலர் அதனை அச்சேற்றினார். தெலுங்கு நாட்டவர் வடமொழியில் எழுதியதைத் தமிழர் மடத்துப் பாடமாகக் கற்றமை இரு நாட்டு அறிவுறவிற்கு ஒரு சான்று.

நிபந்தனையைக் கற்பார்க்கு இந்நூலின் ‘உபாதி’ என்னும் கருத்து மிகப் பயன்படும். புகையுள்ள இடத்து நெருப்பு உண்டு. நெருப்புள்ள இடத்தெல்லாம் புகை உண்டோ? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகை தோன்ற ஈரவிறகின் சேர்க்கை வேண்டும், அவ்வீரவிறகே உபாதி. தலைமாற்றம் தவறு என்று கூறி நிறுத்தாமல், தலைமாற்றிய தொடர் உண்மையாக வேண்டின் இன்னும் என்ன வேண்டும் என்பதனை இக்கருத்து கேட்கச் செய்கின்றது. பதிவு பெற்ற சங்கம் வழக்குத் தொடுக்க இன்னும் என்ன வேண்டும்? வழக்கிற்குரிய காரணம் வேண்டும். காலவரம்பு கடவாதிருக்க வேண்டும். சட்டம் பயிலும் மாணவர்க்கு ‘ஈரவிறகு எது?’ என்னும் வினா ‘இது போதுமான நிபந்தனையா?’ என்னும் வினாவினும் தெளிவானது.

ஆனால் என்னும் சொல்

ஆங்கிலச் சட்டத்தைத் தமிழாக்கும் பணி 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புக்களைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் தமிழில் தொகுத்தளித்தார். 1956இல் சென்னை மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. மத்தியச் சட்டங்களின் அதிகாரப்பூர்வ வாசகங்கள் பற்றிய 1973ஆம் ஆண்டுச் சட்டம், குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் அரசிதழில் வெளியிடப்பெறும் வட்டாரமொழி மொழிபெயர்ப்பினை அம்மொழியில் அதிகாரப்பூர்வ வாசகமாகக் கொள்ள வழிசெய்தது. அதன்பின் மொழிபெயர்ப்பாளரின் ஒரு விகுதி சட்டத்தின் விகுதியாகின்றது.

இங்கு இடர் தரும் சொற்களுள் ஒன்று ‘ஆனால்’. ‘ஆ’ என்னும் வினையின் நிபந்தனை எச்சமான இது, ‘அவ்வாறாயின்’ என்னும் பொருளிலிருந்து நகர்ந்து, எதிர்நிலை காட்டும் இணைப்புச் சொல்லாகியது. தெலுங்கின் ‘அயிதே’ இதே வழியிற் சென்றது. கன்னடத்தின் ‘ஆதரெ’யும் அவ்வாறே. மூன்று மொழிகளிலும் ‘ஆயின்’ என்பது மறுப்புச் சொல்லாக மாறியிருத்தல் தற்செயல் அன்று. ‘அவ்வாறாயின்’ எனச் சொல்லி ஒரு புதிய நிலைமையைக் கொணர்தல், முன் சொன்னதற்கு வரம்பிடுதற்கு மிக அணுக்கமானது. எனவே சட்டத்தின் வரம்புரையை ‘ஆனால்’ எனத் தொடங்குதல் மொழியியல்புக்குப் பொருந்துவதே. ஆயினும் அதே வாசகத்தில் ‘அவர் உறுப்பினர் ஆனால்’ என வினையெச்சமாகவும் அது வருமாயின், படிப்பவர் எது வரம்புரை, எது நிபந்தனை எனத் தடுமாறுவர். ‘வரம்புரையாக’ என்னும் தனிச்சொல் இத்தடுமாற்றத்தைத் தவிர்க்கின்றது.

மற்றொரு இடர், எளிய ‘ஆல்’ தொடரே கேட்பவரிடம் தூண்டும் மிகைப்பொருள். ‘நீ வந்தால் நான் வருவேன்’ என்பதனைக் கேட்டவர், ‘நீ வராவிட்டால் நான் வரமாட்டேன்’ என்பதனையும் சேர்த்தே கொள்வர். சொல்லப்படாத இம்மிகைப்பொருளை மைக்கேல் கெய்ஸ், ஆர்னால்டு சுவிக்கி என்னும் மொழியியலார் 1971இல் ‘அழைக்கப்பட்ட உய்த்துணர்வு’ என்னும் பொருள்படப் பெயரிட்டு ஆராய்ந்தனர். பேச்சில் இவ்வுய்த்துணர்வு பிழையன்று. பேசுபவரின் கருத்தும் பெரும்பாலும் அதுவே. தேர்வும் சட்டமும் மட்டுமே அதனை மறுக்கின்றன. மாணவர் இடறுவது அறியாமையால் அன்று, தம் மொழியை நன்கு அறிந்திருத்தலால் என்பது சற்றே ஆறுதலான செய்தி.

ஒழியவும் காநியும்

இனித் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட விதிக்கு வரலாம். ‘பதிவு பெற்றிருந்தால் மட்டுமே வழக்குத் தொடுக்கலாம்’ என்பது ஆங்கிலத் தொடரமைப்பின் நேர்பெயர்ப்பு. இதில் ‘ஆல்’ பதிவின் மேல் நிற்கின்றது. ‘ஆல்’ நின்ற கூறே முன்கூறு என்று பழகிய மாணவர், பதிவிலிருந்து வழக்கிற்கு அம்புக்குறி இடுகின்றார். உண்மையில் அம்புக்குறி வழக்கிலிருந்து பதிவிற்குச் செல்ல வேண்டும். ‘மட்டுமே’ என்னும் ஒரு சொல் திசையைத் திருப்பிவிட்டது. ‘மட்டு’ என்பதன் பழம்பொருள் அளவு, எல்லை என்பதாதலின், அச்சொல்லில் இத்திருப்பத்தைக் காட்டும் குறி எதுவும் இல்லை.

இதே விதியைத் தமிழின் இயல்பான நடையில் ‘பதிவு பெற்றாலொழிய வழக்குத் தொடுக்கலாகாது’ என்றோ, ‘பதிவு பெற்றாலன்றி’ என்றோ, ‘பதிவின்றி’ என்றோ கூறலாம். ‘ஒழிய’ என்பது செய வாய்பாட்டு எச்சம். பெற்ற நிலையை ஒதுக்கிவிட்டு நோக்கின் வழக்கு இல்லை என்பதே சொற்பொருள். இங்கு மாணவர் இடறுவது அரிது. தொடர் எதிர்மறை முற்றில் முடிவதால், பதிவு பெற்றவரைப் பற்றி அது எதனையும் உறுதியாகச் சொல்லவில்லை என்பது செவிக்கே புலனாகின்றது. மணிமேகலையின் வெதிரேகமும், வள்ளுவரின் வான்சிறப்பும், ‘இன்றியமையாத’ என்னும் சொல்லும் நிற்கும் வரிசையிலேயே இத்தொடரும் நிற்கின்றது.

தெலுங்கிலும் இந்நிலையே. மழை பெய்தாலொழியப் பயிர் விளையாது என்பதனைத் தெலுங்கர் ‘வர்ஷம் படிதே காநி பண்ட பண்டது’ என்பர். ‘தே’ என்பது நிபந்தனை விகுதி, ‘காநி’ என்பது ‘அன்றி’ போன்றது, வினைமுற்று எதிர்மறை. தமிழின் ‘ஆலொழிய’வும் தெலுங்கின் ‘தே காநி’யும் உறுப்புக்கு உறுப்பு ஒத்தவை. வெதுருகுப்பத்து மாணவர் வீட்டில் எம்மொழி பேசினும், தேவையான நிபந்தனையை எதிர்மறையாற் சொல்லும் பழக்கம் அவர்க்கு உண்டு. ஆங்கில விதியைக் கண்டவுடன் அதனை மனத்துள் ‘ஒழிய’ அல்லது ‘காநி’ சேர்த்து மாற்றிக்கொள்ளப் பயின்றாராயின், அம்புக்குறி தானே நேராகும். பயிற்சி நூல்கள் ஆங்கிலச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்விப்பதனினும் இது குறுகிய வழி. இவ்வழியிலும் ஓரிடத்தில் விழிப்பு வேண்டும்: ‘பதிவு பெற்றாலொழிய ஆகாது’ எனக் கேட்டவர் ‘பதிவு பெற்றால் ஆகும்’ என உய்த்துணரும் பழக்கம் இங்கும் முற்றும் மறைவதில்லை. அதனைத் தடுக்க ஈரவிறகு வினா உதவும்.

நுழைவுத் தேர்வு வினாத்தாள் தமிழிலும் அமைய நேரின், மொழிபெயர்ப்பாளர்முன் நிற்கும் சிக்கலும் இங்கேதான் உள்ளது. ஆங்கில வினாவின் கடுமை, உடன்பாட்டு வடிவில் தேவையை மறைத்துச் சொல்லுதலில் அமைந்தது. அதனைத் ‘தொடுக்கலாகாது’ என முடித்தால் தமிழ் இயல்பாகும். ஆனால் வினா எளிதாகி, ஆங்கிலத்தில் எழுதுபவரைவிடத் தமிழில் எழுதுபவர் பயன்பெறுவர். ‘மட்டுமே தொடுக்கலாம்’ என முடித்தால் கடுமை நிலைக்கும். ஆனால் அப்போது சோதிக்கப்படுவது தருக்க அறிவா, ஆங்கில வழிப்பட்ட தமிழ்நடையில் மாணவர்க்குள்ள பழக்கமா என்பது தெளிவாகாது. தெலுங்கு வினாத்தாள் அமைப்போர் ‘தே காநி’ என்பதற்கும் ‘தேனே’ என்பதற்கும் இடையே இத்தேர்வை ஆண்டுதோறும் செய்ய வேண்டியுள்ளது. அவர்கள் எந்த வடிவை எவ்வினாவிற் கொண்டனர், அதனால் மாணவர் விடைகள் எவ்வாறு வேறுபட்டன என்பதனை வினாத்தாள்களை வைத்தே ஆராயலாம். தமிழ் வினாத்தாளின் மொழிபெயர்ப்புக் கொள்கையை வகுப்பார்க்கு அவ்வாய்வு முதற்பணியாக அமையும்.